ஏழு ஜோடி பூட்ஸ்

"ஏண்டி லூசியென், உனக்கு வெட்கமா இல்ல?"

டோரீன் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

லூசியெனின் தள்ளுவண்டியில் ஏழு ஜோடி பூட்ஸ். டோரீன் ஒன்றைப் பிடுங்கி, லேசுக்கு அடியில் இருந்த நாக்குத் தோலைத் திருப்பிச் சீட்டைப் படித்தாள். அவர்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. எந்தச் செருப்பை எடுத்தாலும் முதலில் அதுதான். வெளிநாட்டில் செய்தது என்றால் கை சுட்டதுபோல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

"வெளிநாட்டுச் சரக்கு! நம்ம வயித்துல அடிச்சவனுங்க செஞ்சதை நீயே வாங்கறியா?"

"தேவைப்படுது டோரீன்."

"ஏழு ஜோடியா? உனக்கென்ன மரவட்டைக் காலா?"

லூசியென் பூட்ஸை வாங்கி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

டோரீனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரியாதா பின்னே? அமெரிக்காவில், மேய்ன் மாநிலத்தின் அந்தச் சிற்றூரில் பூட்ஸ் ஆலைதான் எல்லாருக்கும் சோறு போட்டது. ஒருநாள் எந்திரங்களைப் பெட்டியில் வைத்து ஆணி அடிக்கச் சொன்னார்கள். அடித்துக் கொடுத்ததும், நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். தங்கள் வேலையைத் தங்கள் கையாலேயே கட்டி அனுப்பியவர்கள் இருநூறு பேர்.

வேலை வெளிநாட்டுக்குப் போயிருந்தால் அரசாங்கம் உதவும். வேறு தொழில் படிக்க வைக்கும், படிப்பு முடியும்வரை வாராவாரம் படியும் கொடுக்கும். சட்டம் இருக்கிறது. ஆனால் முதலாளி என்ன எழுதிக் கொடுத்தார் தெரியுமா? "அந்த பூட்ஸ் செய்வதையே விட்டுவிட்டோம். வேலை எங்கேயும் போகவில்லை." எவ்வளவு கொழுப்பு! அந்த ஒரு கடிதத்தில் இருநூறு பேரின் மனுவும் தள்ளுபடி ஆனது.

மறுபரிசீலனைக்கு இன்னொரு தடவை எழுதிப் போட்டிருந்தார்கள். அதுவும் போனால் அவ்வளவுதான். ஆஸ்பத்திரி உதவியாளர் படிப்பில் டோரீனுக்கு இடம் கிடைத்திருந்தது, உதவி வந்தால்தான் அதில் சேர முடியும். ஐம்பத்து மூன்று வயதில், தையல் எந்திரம் தவிர வேறெதுவும் தெரியாதவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

இந்த லட்சணத்தில் லூசியெனுக்கு வெளிநாட்டு பூட்ஸ் கேட்கிறதாம்!

அந்தச் சனிக்கிழமை தேவாலயத்தில் அவரைக்கொட்டை விருந்து. வீட்டுக்கு வீடு ஒரு பானை கொண்டுவந்து வைப்பார்கள். டோரீன் விஷயத்தை ஊருக்கே சொல்லியிருந்தாள். லூசியெனின் பானையில் ஒருவர்கூடக் கரண்டி போடவில்லை.

லூசியென் தன் பானையை அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"நல்லா வேணும்," என்றாள் டோரீன், எல்லாருக்கும் கேட்கும்படி.

ஆறு வாரம் கழித்து, உதவிப் பிரிவு அலுவலர் கார்ல்டன் வந்தார். தேவாலயக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். லூசியெனுக்கு மட்டும் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

"மனு ஏத்துக்கிட்டாங்க. உங்க எல்லாருக்கும் உதவி உண்டு," என்றார் கார்ல்டன்.

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. டோரீன் அழுதேவிட்டாள்.

"முதலாளி புளுகினது எப்படி சார் தெரிஞ்சுது?"

கார்ல்டன் இரண்டு தோல் துண்டுகளை மேசைமேல் வைத்தார். "உங்க ஆலையில தோல் வெட்டற அச்சு ஒண்ணுல முனை உடைஞ்சிருந்துதாமே? வெட்டின தோல் ஓரத்துல சின்னதா ஒரு பல் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும். இது நீங்க செஞ்ச பூட்ஸ். இது வெளிநாட்டுலேருந்து வேற பேர்ல விக்க வந்தது. ரெண்டுலயும் அதே பல். உங்க அச்சு அங்கே போயிருக்கு, அதோட உங்க வேலையும் போயிருக்கு."

டோரீன் துண்டைத் தடவிப் பார்த்தாள். பல வருஷம் அந்தப் பல்லைத் தையலுக்குள் மடித்து மறைத்தது அவள் கைதான்.

"யார் சார் கண்டுபிடிச்சது?"

"அச்சு பிடிச்சு வெட்டினவங்கதான், லூசியென். ஏழு ஜோடி வாங்கிப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு நான்தான் சொன்னேன். முதலாளி காதுக்குப் போனா, கடையிலேருந்து சரக்கே மாயமாயிடும்."

 அந்தச் சனிக்கிழமை விருந்துக்கு வந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டோரீன்தான் முதலில் எழுந்தாள். "அவ பேரை முதல்ல எழுதுங்க சார். எனக்கு முன்னாடி அவ படிக்கட்டும்."

"எழுத முடியாதும்மா." கார்ல்டன் கண்ணாடியைக் கழற்றினார். "மனு போட்ட தேதிக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்குள்ள வேலை போனவங்களுக்குத்தான் உதவி. ஆலை மூடறதுக்கு முன்னாடியே ஆள் குறைச்சாங்களே, அப்ப முதல்ல அனுப்பினது அவங்களைத்தான். மனு போடறப்பவே அவங்களுக்குப் பதினாலு மாசம் தாண்டிடுச்சு."

"ஐயோ பாவம்! அது அவளுக்குத் தெரியுமா சார்?"

"என்னைப் பார்க்க வந்த முதல் நாளே சொல்லிட்டேம்மா. அதுக்கப்புறம்தான் அவங்க பூட்ஸ் வாங்கவே போனாங்க."