சூடு என்று ஒரு வியாதி

தெர்மாமீட்டரை மூன்றாவது தடவையாகப் பார்த்துவிட்டு டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். காய்ச்சலே இல்லை.

ஆனால் சீட்டில் கொட்டை எழுத்தில் ‘சூடு’ என்றுதான் எழுதியிருந்தது. எழுதியவர் வெளியே மேஜை போட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் சீட்டுப் போடும் நர்ஸ். சொன்னவள் இப்போது டாக்டர் எதிரே, ஸ்டூலின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஸ் கண்டக்டர்.

டிப்போவில் அவளுக்கு ‘சவுண்டு சர்வீஸ்’ என்று பட்டப்பெயர். முன்படியில் நின்று அவள் ஸ்டாப் பெயரைச் சொன்னால், பின்சீட்டில் தூங்குகிறவர் எழுந்து இறங்கியே போய்விடுவார். அந்தக் குரல் இன்றைக்கு எங்கே போனதோ, உடம்புச் சூடுதான் டாக்டர் என்று அவள் சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

டாக்டர் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான். நல்ல மனுஷன். ஆனால் படித்ததெல்லாம் வெளியூரில், வேறு பாஷையில். அவருக்குச் சூடு என்றால் டிகிரி கணக்குதான். சாயங்காலத்தில் குளிர் நடுக்கம் வருமா என்று கேட்டார். வீட்டுப் பக்கம் கொசு உண்டா என்று கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றும் இல்லை என்றும் வைத்துக்கொள்ளும்படியாகத் தலையை ஆட்டினாள்.

பெண்களிடம் இந்தத் தொல்லை கிடையாது. போனில் சூடு என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள்; எத்தனை நாளாக என்று அக்கா உடனே கேட்டுவிட்டாள். மோர் குடி, வெள்ளரிக்காய் சாப்பிடு என்றாள். மூன்று மாதம் குடித்துத் தின்றதில் வயிறு குளிர்ந்ததுதான் மிச்சம். வீட்டுக்காரரும் பாவம், மனைவிக்குச் சூடு என்றதும் ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வந்து கட்டில் பக்கத்தில் வைத்தார்.

அரிப்பு மட்டும் நிற்கவில்லை. பஸ்ஸில் கூட்டம் நெருக்கும்போது தன்மேல் வாடை அடிக்குமோ என்று பயந்து, பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுக்கவே கூசினாள். ஊரையே ஏறு, இறங்கு என்று அதட்டுகிறவள் தன் உடம்புக்குப் பயந்து ஓரமாக நிற்பதை நினைத்தால் அழுகை வந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் பேனாவைத் திறந்து காய்ச்சல் மாத்திரை எழுதத் தொடங்கினார்.

அந்தத் தாளை வாங்கிக்கொண்டு எழுந்தால், இன்னும் மூன்று மாதம் மோரும் வெள்ளரிக்காயும்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சொல்லிவிட்டாள்.

“டாக்டர், காய்ச்சல் இல்ல. மூணு மாசமா வெள்ளைப்படுது. நாத்தம் அடிக்குது, அந்த இடத்துல அரிப்பு தாங்க முடியல. சூடுன்னு சொன்னது இதைத்தான்.”

சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, சத்தத்தில்தான் தப்பு. கண்ணை மூடியதில் இது பஸ் இல்லை என்பது மறந்துபோயிற்று. அந்த அறைக்குக் கதவு கிடையாது, ஒரு பச்சைத் திரைதான். வெளியே சளசளவென்று கேட்டுக்கொண்டிருந்த பேச்சு பட்டென்று நின்றது.

டாக்டர் எழுதிய தாளைக் கிழித்துப்போட்டார். பிறகுதான் கேட்கவேண்டியதைக் கேட்டார். மாதவிலக்கு நாளில் நாப்கினை எத்தனை முறை மாற்றுகிறாள்? காலையில் வைத்தால் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய்த்தான். கடைசி ஸ்டாப்பில் இருக்கும் கக்கூஸுக்குத் தாழ்ப்பாளே இல்லை. வாடை போக என்ன செய்கிறாள்? கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து இரண்டு வேளையும் உள்ளே கழுவுகிறாள். முதலாவது தப்பு, இரண்டாவது அதைவிடத் தப்பு, உடம்புக்குக் காவலாக இருக்கிற நல்ல கிருமிகளையும் அது கொன்றுவிடும் என்றார் டாக்டர். இது சூடும் இல்லை, அசிங்கமும் இல்லை, தொற்று. சோதித்துப் பார்த்து மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும். என்ன கிருமி என்பதைப் பொறுத்து வீட்டுக்காரரும் சாப்பிட வேண்டியிருக்கலாம்.

சரியாகிவிடும் என்று கேட்டதிலேயே அவளுக்குப் பாதி வியாதி போய்விட்டது.

மீதிப் பாதி திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்தது.

பதினோரு பெண்கள். ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்தாள், ஒருத்தி தன் செருப்பைப் பார்த்தாள். மானம் கப்பலேறிவிட்டது, இதில் இரண்டு பேர் தினமும் என் பஸ்ஸில் வருகிறவர்கள் என்று நினைத்தபோது கண் வாசலைத் தேடியது. ஓடிவிடவும் வழியில்லை, டாக்டர் எழுதிக் கொடுத்த சோதனைத் தாளில் நர்ஸ் முத்திரை குத்தித் தர வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு மேஜை ஓரமாக நின்றாள்.

முதல் பெஞ்சிலிருந்த தையல்கார அம்மாள் எழுந்து வந்து தன் சீட்டை நீட்டினாள்.

“நர்சம்மா, எனக்கும் சூடுன்னுதானே எழுதியிருக்கீங்க? அதை அடிச்சுட்டு, இப்ப இவங்க உள்ள சொன்னாங்களே, அதையே எழுதிடுங்க.”

பின்னாலேயே ஸ்கூல் டீச்சர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு மாமியாரும் மருமகளும், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல், ஆனால் சேர்ந்தே வந்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், கூடமே சிரித்தது. கண்டக்டருக்கும் அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள்.

நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. பதினோரு சீட்டில் ஏழு சீட்டை வாங்கி வரிசையாக அடித்துத் திருத்தினார்.

ஏழாவதைக் கொடுத்த பிறகு சீட்டுப் புத்தகத்திலிருந்து புதிதாக ஒன்றைக் கிழித்தார். புதிதாக யாரும் வந்த மாதிரி தெரியவில்லையே என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தாள்.

பெயர்க் கட்டத்தில், நர்ஸின் வெள்ளை உடுப்பில் குத்தியிருந்த அதே பெயர். நோய் என்ன என்ற கட்டத்தில் இடம் போதாமல், சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தார்.