உறை பிரிக்காத பேட்டரி

அலமாரியில் இரண்டு பேட்டரிப் பெட்டிகள் இருந்தன. பெரியது ஃப்ரிட்ஜையே ஓட்டும். சின்னது விளக்கையும் ஃபேனையும் மட்டும் ஓட்டும்.

கரண்ட் போகும்போதெல்லாம் வீட்டுக்காரி செண்பகவல்லி பெரியதைத் தொட்டுப் பார்ப்பாள். "இது பெரிய அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று சொல்லிச் சின்னதை எடுத்துப் போவாள்.

"பார்த்தியா என் மதிப்பை? பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கல" என்றது பெரியது.

சின்னதோ தினமும் சார்ஜ் ஏறி, உடம்பெல்லாம் கீறலாகிப்போயிருந்தது.

ஐப்பசிப் புயலில் ஊரே இருண்டது. மாமனாருக்கு மூச்சு இழுத்தது. செண்பகவல்லி உறையைக் கிழித்து, நெபுலைசரைப் பெரியதில் செருகினாள். அது ஓடவில்லை. பதறிப்போய்ச் சின்னதில் செருகினாள். ஓடியது.

"உனக்கு என்ன ஆச்சு?" என்று சின்னது கேட்டது.

"தெரியல. நான் எதுக்குமே செலவாகல. ஆனாலும் தீர்ந்துபோயிருக்கேன்."