முதல் இழுப்பு

"திருடி! கையும் களவுமா மாட்டிக்கிட்டா பாருங்க!"

வேர்ன் க்ரோவல் போட்ட கூச்சலில் படகுத்துறையே கூடிவிட்டது. ஆளுக்கும் பஞ்சமில்லை. மிக்மாக் பழங்குடியினரின் படகுகள் சிங்கி இறால் பிடிக்கக் கூடாது என்று வெள்ளைக்கார மீனவர்கள் ஒரு வாரமாக அங்கேதான் மறியல். தலைமை, க்ரோவல்.

வில்மா க்ளோட், மிக்மாக் பெண், தன் படகை விட்டு இறங்காமல் நின்றாள். அவளுடைய இறால் கூண்டுகளில் எல்லாம் அவள் சமூகம் அடையாளத்துக்குக் கொடுத்த மஞ்சள் பட்டை. ஓரமாக, பட்டையே இல்லாத நாலு கூண்டுகளும் கிடந்தன.

மீன்வளத்துறை அதிகாரி அவற்றைக் காலால் தட்டினார். "இது யாருது?"

"எனக்கெப்படித் தெரியும்? என் கயித்தோட சிக்கி மேல வந்துச்சு."

"கதை விடறா!" க்ரோவல் குதித்தார். "சீசன் மூடிக் கிடக்கு. நவம்பர் கடைசி வரைக்கும் நாங்க யாரும் கடல்ல கூண்டு இறக்க முடியாது. இறக்கறது இவங்கதான். அப்ப வேற யாருதா இருக்கும்?"

"மஞ்சள் பட்டை போட்டது என்னுது," என்றாள் வில்மா. "எங்க பாட்டனாருங்க வெள்ளைக்கார ராஜாகூடப் போட்ட உடன்படிக்கையில இருக்கற உரிமை. பகல்ல, எல்லாரும் பார்க்கத்தான் போடறேன். எனக்கென்ன தலையெழுத்து, பட்டை இல்லாம ஒளிச்சு வைக்க?"

"அதெல்லாம் கோர்ட்டுல சொல்லும்மா. பட்டையில்லாத கூண்டு உன் படகுல இருக்கு. படகைப் பறிமுதல் பண்றேன்." அதிகாரி காகிதம் எடுக்க வண்டிக்குப் போனார்.

வில்மாவின் தம்பி நோயல் அவள் பக்கத்தில் வந்தான். "அக்கா, படகு போச்சுன்னா நாம அவ்வளவுதான்."

"போகாது. அந்த நாலையும் தூக்கிக் கரையில வைடா."

வைத்தான். வில்மா கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"சரி, க்ரோவல் வாக்குப்படியே இது என்னுது. இந்த வருஷம் இன்னைக்குத்தான் எனக்கு முதல் இழுப்பு. முதல் இழுப்பை நாங்க வீட்டுக்குக் கொண்டு போறதில்லை, கொடுத்துடுவோம். யாருக்கு வேணும்? இறாலோட, கூண்டோட எடுத்துக்கங்க!"

கூட்டம் விழித்தது.

"கூண்டோடவா?" என்றார் க்ரோவலின் வலது கை சுரெட்.

"கூண்டோடதான்."

'திருட்டு இறாலைத் தொடாதே' என்று எழுதிய அட்டையைக் கீழே போட்டுவிட்டு, சுரெட் ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

க்ரோவலின் முகம் வெளிறியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

வில்மா கத்தியோடு கரைக்குத் தாவினாள். "இருங்க சுரெட், கூண்டுக்குள்ள பின்னியிருக்கற அந்த உள்வலையை அறுத்துத் தந்துடறேன். வேற நல்லதா பின்னிப் போட்டுக்கங்க. எந்தக் குருடன் பின்னினானோ, ஓட்டைக் காலுறை மாதிரி தொங்குது! ஒரு கண்ணியாவது ஒழுங்கா இருக்கா?"

இந்தக் கரையில் பெண்டாட்டி சமையலைக் குறை சொன்னால் சிரிப்பார்கள். பின்னிய வலையைக் குறை சொன்னால் கை ஓங்குவார்கள்.

கத்தி வலையில் பட்டது.

"குருடனா?" க்ரோவல் பாய்ந்து வந்தார். "கைய எடுடி! குளிர்காலம் பூரா அடுப்புப் பக்கத்துல உக்காந்து நான் பின்னின வலை அது! இந்தக் கரையில எனக்கு மேல பின்ன ஒருத்தன் இருக்கானா?"

காகிதத்தோடு திரும்பி வந்த அதிகாரி, க்ரோவலுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார்.

வில்மா கத்தியை மடக்கி இடுப்பில் செருகினாள்.

சுரெட்தான் கூண்டை மெல்லக் கீழே இறக்கினார்.

"ஏன் வேர்ன்... மறியல்ல எங்களையெல்லாம் கரையில நிறுத்தி வெச்சுட்டு, நீ இதை எப்பய்யா கடல்ல போட்டே?"