கைக்குட்டை முடிச்சு

கடைசியாக மாமியார் தன் வளையல்களைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

ஏற்கெனவே அங்கே நான்கு சங்கிலிகள், மூன்று ஜோடித் தோடுகள், யாருடையதென்று தெரியாத ஒரு மூக்குத்தி. அவற்றுக்கு அடியில், அவன் மனைவி முதல் ஆளாக வேனிலேயே கழற்றிக் கொடுத்த வெள்ளிக் கொலுசுகள் இரண்டு.

எல்லாவற்றையும் கைக்குட்டையில் போட்டு முடிந்துகொண்டான்.

அலை நகையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்பது அந்தக் குடும்பத்தின் பயம். என்றோ ஒரு பெரியம்மாவின் தோடு அப்படித்தான் போனதாம்.

"நான் பாத்துக்கறேன்" என்று வாயைக் கொடுத்தவன் அவன்தான். மரியாதைக்குச் சொன்னது. புது மாப்பிள்ளையைப் போய்க் காவலுக்கு உட்கார வைப்பதா என்று யாராவது பதறுவார்கள் என்று நினைத்தான்.

ஒருவரும் பதறவில்லை.

"மாப்ள கையில இருந்தா லாக்கர்ல இருக்கற மாதிரி" என்றார் மாமனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்குள் ஓடினார்.

லாக்கர் மணலில் உட்கார்ந்தது.

கல்யாணமாகிப் பதினோரு நாள். நாளை சாயங்காலம் அவனுக்கு மஸ்கட் விமானம். அடுத்த லீவு ஒன்றரை வருஷம் கழித்து.

ஆத்தூரில் அவர்கள் விருந்து சாப்பிடாத சொந்தக்காரர் வீடு பாக்கியில்லை. பகலில் இருவரும் தனியாக நின்று பேசியது ஒரே ஒரு முறை, யார் வீட்டிலோ ஒரு மாடிப்படியில். அதற்குள் ஒருவர் பாயசத்தோடு வந்துவிட்டார்.

அந்த மாடிப்படியில்தான் அவள் கேட்டாள். கடலைப் பார்த்ததே இல்லை என்றாள். அலையில் நிற்கப் பயமாக இருக்கும், கையைப் பிடித்துக்கொள்வீர்களா என்றாள்.

பிடித்துக்கொள்கிறேன் என்றான்.

இரண்டு பேரும் பஸ்ஸில் போய் வருவதாகத்தான் ஏற்பாடு. விடிந்து பார்த்தால் வாசலில் வேன் நின்றது. உள்ளே பன்னிரண்டு பேர், ஒரு அண்டா புளியோதரை.

அவள் முழங்கால் தண்ணீரில் நின்றாள். ஒரு பக்கம் சித்தி, மறுபக்கம் தங்கை. ஒவ்வொரு அலை வரும்போதும் கரையைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் கையை ஆட்டினான். ஒரு கையைத்தான். இன்னொரு கை முடிச்சைப் பிடித்திருந்தது.

எழுந்து போகலாம். நகையோடு போனால் அலை. நகையைக் கொண்டுபோய் அவளுடைய அப்பாவிடம் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு என்னவென்று சொல்வது? உங்கள் மகள் கையைப் பிடிக்க வேண்டும் என்றா?

ஒரு நாய் புளியோதரையைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதையும் அவன்தான் விரட்ட வேண்டியிருந்தது. சுண்டல்காரர் மூன்றாவது முறையாக வந்தார். அவன் முகத்தைப் பார்த்தார். கேட்காமலே ஒரு பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு, காசு வேண்டாம் என்று போய்விட்டார்.

அப்போதுதான் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இருபத்தெட்டு வயதில், பட்டப்பகலில், பதினான்கு ஜோடிச் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழ முடியாது. சுண்டலைத் தின்றான்.

நிமிர்ந்தபோது அவள் வந்துகொண்டிருந்தாள். புடவை காலைச் சுற்ற, சொட்டச் சொட்ட, தனியாக.

"எங்கடி போற?" தண்ணீருக்குள்ளிருந்து அவள் அம்மா கேட்டாள்.

"கொலுசக் காணோம்மா! இங்கதான் எங்கயோ மண்ணுல விழுந்துருச்சு. நீங்க குளிங்க, நாங்க தேடிக்கறோம்."

அவன் அவசரமாக முடிச்சைத் தடவிப் பார்த்தான். கொலுசுகள் இருந்தன. இரண்டும்.

"ரெண்டும் இதுலதான..." என்று ஆரம்பித்தான்.

அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

மாப்பிள்ளைக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

அவள் எதிரே மண்டியிட்டு மணலைக் கிளறத் தொடங்கினாள். அவனும் கிளறினான். மேல்மணல் சுட்டது. உள்ளே போகப் போக ஈரமாக இருந்தது.

அங்கே அவள் விரல்கள் இருந்தன. தண்ணீரில் ஊறிச் சுருங்கி, இன்னும் நடுங்கிக்கொண்டு.

பிடித்துக்கொண்டான்.

"கெடச்சுதா மாப்ள?" அலைச் சத்தத்துக்கு மேல் மாமியார் கத்தினாள்.

அவனுக்குப் பொய் வராது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இன்னும் இல்லைங்க அத்த."