பங்கேற்று உற்றுநோக்குதல்

"நான் இங்க இல்லாத மாதிரியே நினைச்சுக்கோங்க ஆன்ட்டி. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

சொல்லிவிட்டு, நேசம்மாளின் அடுக்களையில் நட்டநடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தான் ஜெனின்.

பெங்களூரில் சமையலறை இயந்திரங்களை ஆராயும் எஞ்சினியர். மனிதர்களை எப்படிக் கவனிப்பது என்று இணையத்தில் ஒரே ஒரு மத்தியானம் வகுப்புக் கேட்டான். மனித குலமே விளங்கிவிட்டது. நாகர்கோவிலில் பிறந்தவன்தான். அங்கிருந்து நேசம்மாளின் ஊரான கொட்டாரம் எட்டிவிடும் தூரம். ஆனாலும் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியவன் போல, தேங்காய்த் துருவியைப் பார்த்து வாய் பிளந்தான்.

இரண்டே நாள். அதற்குள் இந்த வீட்டாரின் நம்பிக்கையைப் பெற்று, 'தொடர்ந்து வாங்க' என்று சொல்ல வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வழிகாட்டும் பேராசிரியர் ஆய்வையே தள்ளிவிடுவார். வீடு பார்த்துக் கொடுத்தது அவன் அம்மா.

பால் பொங்கியது.

"தம்பி, அந்த அடுப்ப ஒண்ணு அணையுங்கோ!" புறவாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த நேசம்மாள் கத்தினாள்.

"நான் தலையிடக் கூடாது ஆன்ட்டி. இயல்பு கெட்டுரும்," என்று வீடியோ எடுத்தான். மகள் ஜினிஷா ஓடி வந்து அணைக்காவிட்டால், அந்தப் பால் கன்னியாகுமரி வரை ஓடி முக்கடலிலும் கலந்திருக்கும்.

வீட்டுக்காரர் செல்வதாஸ் இடுப்பைப் பிடித்தபடி கேஸ் சிலிண்டரைப் படியேற்றினார். மூன்று கோணங்களில் எடுத்தான். ஜினிஷா போய் ஒரு கை கொடுத்தபோது, "கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது" என்றான்.

பங்கேற்று உற்றுநோக்க வேண்டும் என்பது வகுப்பில் கேட்ட பாடம். மீன்குழம்பில் பங்கேற்றான். பாத்திரம் கழுவுவதை உற்றுநோக்கினான்.

"பெங்களூர்ல வாடக வீடாக்கும்?" செல்வதாஸ் கேட்டார். "அப்பாவுக்கு சுகர் உண்டுமா?"

அதற்குள் இவ்வளவு நெருக்கமா! ஜெனினுக்குப் புல்லரித்தது.

கிளம்பும்போது கேட்டான். "அடுத்த மாசமும் வரலாமா ஆன்ட்டி?"

"கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புகோம் தம்பி."

முப்பத்திரண்டு பல்லும் தெரிய பஸ் ஏறினான்.

பஸ் வளைவு திரும்பவில்லை, நேசம்மாள் அவன் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பெண்ணு பாக்கக் கூப்பிட்டா வரமாட்டான்னு, ஆராய்ச்சிக்கு வீடு பாத்ததாச் சொல்லி அனுப்பினியள்லா? மாப்பிளய ரெண்டு நாளும் நல்லாப் பாத்தாச்சு. இங்க இல்லாத மாதிரியே நினைச்சுக்கிடுங்கன்னு அவரே சொன்னாரு. ஜினிஷாவும் அப்பிடியே நினைச்சுக்கிடுகேன்னு சொல்லுகா."