சிரிப்பு ஷாட்

பாடையில் கிடந்த வனஜாட்சியம்மாவை நோக்கி ஏகாம்பரம் டிராலியைத் தள்ளினான். கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டிய பாதங்களில் தொடங்கிய கேமரா, மூடிய கண்கள் வரை மெல்ல நெருங்கி நின்றது. "கட், ஓகே. பேக்கப்" என்றார் இயக்குநர்.

அம்மா கண்ணைத் திறந்தார், எழவில்லை. பிணமாக நடித்தவர்கள் அதே கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் எழுவார்கள். இல்லாவிட்டால் நடித்தது பலித்துவிடும் என்று சினிமாக்காரர்களுக்கு ஒரு பயம்.

"என் சிரிப்ப எடுத்துருங்க சார். அதுக்கு முன்னாடி நான் எந்திரிக்க மாட்டேன்."

"பேட்டரி போயிருச்சு சார்" என்று கேமராமேன் கிசுகிசுத்தார். இயக்குநர் ஏகாம்பரத்தின் தோளைத் தட்டினார். "சும்மா ஒருவாட்டி தள்ளுப்பா."

தள்ளினான். செத்த கேமரா நெருங்க நெருங்க அம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் வாய்கொள்ளாமல் சிரித்தார்.

"சிரிப்பு கேமராவுல நல்லா விழுந்துச்சா ஏகாம்பரம்?"

அத்தனை பேரும் அவனையே பார்த்தார்கள்.

"விழுந்துச்சும்மா."

அவர் நிம்மதியாக எழுந்து உட்கார்ந்து, கால்கட்டின் நுனியைப் பிடித்து இழுத்தார். தொட்டாலே அவிழட்டும் என்று தளர்வாகப் போட்ட சுருக்கு அது. இழுக்க இழுக்க இறுகியது. விரல்கள் வெளுத்தன.

"இங்க வாயேன், இதக் கொஞ்சம் அவுத்து விடு" என்றார், அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்க.

ஏகாம்பரத்தின் கைகள் டிராலியின் கைப்பிடியை விட்டு வரவில்லை.