நாற்பது குழி

மண்ணான கையும் கடப்பாரையும் காலிச் சாக்குமாகக் காட்டிலிருந்து இறங்கிய பளியர் பழங்குடிப் பெண் மாடத்தியை ஜீப்பில் ஏற்றிச் சங்கரன்கோவில் வந்து சேர்வதற்குள், புது வனக்காவலன் கைலாஷுக்குக் கேள்வி கேட்டே தொண்டை வற்றிவிட்டது.

"சரணாலயத்துக்குள்ள குழி தோண்டினியா?"

"தோண்டினேன் சார். நாப்பது குழி."

"வள்ளிக்கிழங்கு எங்க?"

"குழிக்குள்ள."

"என்ன, வெளையாடுதியா? சாக்கு காலியா இருக்கு. யார்கிட்ட வித்த?"

அவள் சிரித்தாள். அவனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

சந்தை முக்கில் ஜீப் நின்றதும், கிழங்கு அவித்து விற்கும் சைஃபுல்லா ஒரு பையோடு ஓடிவந்தார்.

"யக்கா, நீங்க சொன்னாப்ல மொளைக்கிற தலைய மட்டும் அரிஞ்சு வச்சுட்டேன். இதையும் காட்டுல நட்டுருங்க."

கைலாஷ் திருதிருவென்று விழித்தான்.

"நாங்க முன்ன தோண்டி இவருக்கு வித்த கிழங்கு சார்," என்றாள் மாடத்தி. "தலைய திருப்பி நட்டாத்தான மறுபடி கொடி ஏறும்? பன்னிக்கும் கரடிக்கும் வேணும்லா! நான் மலையிலருந்து எறங்கும்போதுதான் நீங்க சாக்கைப் பாக்குதீங்க. ஏறும்போது அது இந்த மாதிரி தலையா நெறைஞ்சுல்லா இருந்துச்சு!"

கைலாஷ் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, வண்டிய மலைக்கே திருப்புங்க," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, மாடத்தியிடம் மெதுவாகக் கேட்டான்:

"எவ்வளவு ஆழம் தோண்டணும்மா?"